கோதுமையின் நீர்க்கணக்கு: எடைத்தொட்டி, கார்பன்-13, ஆக்ஸிஜன்-18

குறைந்த நீரில் விளையும் கோதுமையைத் தேடும் ஆய்வாளருக்கு மூன்று வழிகள் உண்டு. தொட்டிச் செடிகளை அடிக்கடி எடை போட்டு, அவை செலவிட்ட நீரை நேரடியாக அளப்பது முதல் வழி. அதன் முடிவில் ஐயத்துக்கு இடம் குறைவு. ஆனால் ஆயிரக்கணக்கான வழித்தோன்றல்களை அப்படிச் சோதிப்பது நடவாத காரியம், தொட்டிக்குள் வேர் வயலில் இறங்குவதுபோல் இறங்குவதுமில்லை.

கார்பன்-13 முறைக்கு ஒரு சிட்டிகை உலர்ந்த இலைத்தூளே போதும். காற்றிலுள்ள கார்பனில் ஏறத்தாழ 1.1 விழுக்காடாக உள்ள இந்தக் கனமான ஐசோடோப்பை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுவகை), ஒளிச்சேர்க்கையில் கரியமிலவாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி ஓரளவு ஒதுக்கிவிடுகிறது. இலைக்குள் கரியமிலவாயு குறையும்போது ஒதுக்கலும் குறைகிறது என்பதை ஃபார்குவார், ஓலியரி, பெர்ரி மூவரும் 1982-இல் கோட்பாடாக வகுத்தனர். ஒதுக்கல் குறைந்த கோதுமை, செலவிட்ட ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் கூடுதல் உலர் எடை சேர்க்கிறது என்பதை ஃபார்குவாரும் ரிச்சர்ட்ஸும் 1984-இல் காட்டினர். அந்த அடிப்படையில், குவாரியன் ரகத்தின் குறைந்த ஒதுக்கலை ஹார்டாக் ரகத்துக்குள் கொண்டுவந்து, ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனம் டிரைஸ்டேல் (2002), ரீஸ் (2003) ஆகிய ரகங்களை உருவாக்கியது.

எனினும் இந்த ஒதுக்கல் அளவு, ஒளிச்சேர்க்கைக்கும் இலைத்துளைத் திறப்புக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே சொல்கிறது. ஒளிச்சேர்க்கைத் திறன் மிகுந்ததால் ஒதுக்கல் குறைந்ததா, அல்லது இலைத்துளைகளைச் செடி இறுக்கி மூடியதாலா என்பது அதில் தெரியாது. இரண்டாவது வகைச் செடி நீரைச் சேமிக்கும், வளர்ச்சியையும் சேர்த்தே சுருக்கிக்கொள்ளும். கோடை மழையால் மண்ணில் தங்கிய ஈரத்தை நம்பி விளையும் கிழக்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் இந்தச் சிக்கனம் பலன் தருகிறது. பயிர்க்காலத்திலேயே மழை பெய்யும் மேற்கு ஆஸ்திரேலிய நிலங்களிலோ, விரைந்து தழைத்து மண்ணை மூடும் செடிக்கே ஆதாயம். அங்கே ஒதுக்கல் மிகுந்த ரகம் கூடுதலாக விளைவதும் உண்டு.

இந்த இடத்தில்தான் ஆக்ஸிஜன்-18 உதவுகிறது. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது கனமான இந்த ஆக்ஸிஜன் இலையிலேயே பின்தங்கிச் செறிகிறது. ஒரே சூழலில் இலைத்துளைகள் அகலத் திறந்திருக்கும் ரகத்தில் அந்தச் செறிவு பொதுவாகக் குறைந்தே காணப்படும். ஒளிச்சேர்க்கைத் திறன் இதை ஏறக்குறையப் பாதிப்பதில்லை என்பதால், கார்பன் சொல்லாமல் விட்ட காரணத்தை இது பிரித்துக் காட்டுகிறது. ஆனால் காற்றின் ஈரப்பதமும் பாசன நீரிலேயே உள்ள ஆக்ஸிஜன்-18 அளவும் மாறினால் எண்ணும் மாறிவிடும். இரண்டு ஊர்களின் மாதிரிகளை ஒன்றாக வைத்து ஒப்பிடுவது வீண்வேலை.

என் கணிப்பில், சேமித்த ஈரத்தில் விளையும் கோதுமைக்குக் கார்பன் மட்டுமே போதும். மற்ற இடங்களில் ஆக்ஸிஜனையும் சேர்த்து அளக்காமல் ரகத்தைக் கழிப்பது அவசரமாகும். கரியமிலவாயுவை வேறு வழியில் பிடிக்கும் மக்காச்சோளம், சோளம் போன்ற சி4 பயிர்களில் ஒதுக்கலின் வேறுபாடு மிகக் குறுகியது என்பதால், அங்கே கார்பன் முறை பெரிதாகக் கைகொடுப்பதில்லை.