காரைக்குடி பழைய மரக்கடை: மச்சுக் கட்டைக்குப் போகலாமா?

எங்கள் வீடு மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பூட்டிய பழைய மச்சு. நாலைந்து கட்டைகள் சுவருக்குள் போகும் முனையில் ஈரம் குடித்து இற்றுப்போயின. மாற்றுக்கட்டை தேடிக் காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய மரக்கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம்.

சரக்கு உண்மையிலேயே நல்ல சரக்கு. செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த மரம், பல பத்தாண்டுகள் காய்ந்தது, இனிமேல் பெரிதாக முறுக்காது, சுருங்காது. புதுத் தேக்கில் இந்த நிம்மதி சுலபத்தில் கிடைக்காது. விலையும் குறைவுதான். எல்லாமே பர்மா தேக்கு என்பார்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம், நடுநடுவே வேங்கையும் கோங்கும் கிடக்கும். உத்திரத்துக்கு அவையும் மோசமில்லை, ஆனால் தேக்கு விலை ஏன் கொடுக்க வேண்டும்?

கடைக்காரர் மரத்தைப் புரட்டிப் பார்க்க விட்டார், அது பெரிய விஷயம். எங்கள் ஆசாரி ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டினார், முனைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். கணீரென்று வந்தால் ஓரமாக வைத்தார், மொத்தென்று வந்தால் தள்ளிவிட்டார். ஓரத்தில் வெள்ளை, அதாவது மரத்தின் வெளிப்பக்க இளமரம், ஓடியதும் வேண்டாம் என்றார், பூச்சியும் கரையானும் முதலில் அதைத்தான் தின்னும். அப்புறம் பழைய துளைகள். முனைக்குப் பக்கத்தில் துளை இருந்தால் அந்த அளவு அறுத்துத் தள்ளிவிடலாம், ஆனால் கட்டையின் நடுவில், அடிப்பக்கத்தில் வெட்டோ பெரிய கணுவோ இருந்தால் எடுக்காதீர்கள், பாரம் ஏறும்போது மரம் இழுபடுவதும் விரிவதும் அங்கேதான்.

கடையில் 4×4 அங்குலக் கட்டை எடுக்கச் சொன்னார்கள், கையிருப்பு அதுதான் அதிகம் போல. நாங்கள் 3×5தான் வேண்டும் என்று நின்றோம். 5 அங்குலப் பக்கம் உயரமாக வரும்படி நிறுத்திப் போட்டால், 4×4ஐ விட மரம் கொஞ்சம் குறைவு, தொய்யாமல் தாங்கும் விறைப்போ ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கட்டை எவ்வளவு பருமன் என்பதைவிட எவ்வளவு உயரம் என்பதுதான் கணக்கு.

கடுப்பேற்றியது அளவை. நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில், மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. அது சரி. ஆனால் ஒட்டியிருந்த காரையோடு சேர்த்து, பருத்த முனையில் டேப்பை வைத்தார்கள். 10 அடிக் கட்டை 3×5 என்றால் 1.04 கன அடி, அதையே மூன்றரைக்கு ஐந்தரை என்று எழுதினால் 1.34. கால் பங்குக்கு மேல் சும்மா ஏறுகிறது! காரையைச் சுரண்டி நடுவில் அளக்கச் சொன்னதும் முகம் சுருங்கியது, ஆனால் அளந்தார்கள்.

அறுவைக்குக் கொடுக்கும் முன் ஆணியைப் பிடுங்கித் தரமாட்டார்கள், பிளேடு போனால் மில்லில் நம்மிடம்தான் காசு கேட்பார்கள். அறுத்த பிறகு திருப்பியும் எடுப்பதில்லை.

ஐந்துக்கு மூன்றரை. ஆசாரியோடு போனால் நாலு.