1.5 ஸ்கொயர் ஒயர் காயில்: செம்பு ஓகே, மேலுறை கொஞ்சம் முரண்டு

லைட், ஃபேன் லைன் மாத்தறதுக்காக 1.5 ஸ்கொயர் எம்எம் மல்டி ஸ்ட்ராண்டு காப்பர் ஒயர் 100 மீட்டர் காயில் வாங்குனேன். கம்பெனி பேர் போடல, ஏன்னா நான் பாத்த எதையும் நீங்க எந்த காயில் வாங்குனாலும் வீட்லயே பாத்துக்கலாம், டப்பா மேல என்ன அச்சடிச்சிருக்காங்கறது எனக்கு ரெண்டாம்பட்சம்தான்.

முதல்ல தராசுல வச்சேன். இந்த சைஸ்ல 100 மீட்டருக்கு செம்பு மட்டுமே 1.3 கிலோ வாக்குல இருக்கணும், பிவிசி உறையும் சேந்தா ரெண்டு கிலோ பக்கம் வரும், இது வந்துச்சு. கையில தூக்குறப்பவே லேசா இருந்தா சந்தேகப்படுங்க, அலுமினியத்து மேல செம்பு பூசி காப்பர்னு விக்கிறது நிறைய ஓடுது. ஒரு இழைய பிளேடால சுரண்டுனா உள்ள வெள்ளையா தெரிஞ்சிரும். இதுல உள்ளயும் சிவப்புதான், 30 இழை, ஒவ்வொன்னும் கால் மில்லிமீட்டர்.

அடுத்து மல்டிமீட்டர். காயில்ல ரெண்டு முனையும் வெளிய இருக்குமில்ல, அதுல வச்சு ஓம் பாக்கணும், ஆனா முன்னாடியே மீட்டரோட ரெண்டு ப்ரோப் (ஒயரைத் தொட்டுப் பாக்குற முனை) நுனியையும் ஒன்னோட ஒன்னு தொட்டு அது காட்டுறத கழிச்சிருங்க, இல்லன்னா கணக்கு தப்பும். இந்த மாதிரி ஒயருக்கு 20 டிகிரில 100 மீட்டருக்கு 1.33 ஓம் தாண்டக்கூடாது, ரூம் 10 டிகிரி கூட சூடா இருந்தா ஒரு 4 சதவீதம் ஏத்தி காட்டும், அது பரவால்ல. எனக்கு அதுக்குள்ளதான் வந்துச்சு. அலுமினியம் கலந்ததா இருந்தா 2 ஓம் பக்கம் போயிருக்கும்.

குறைன்னா உறைதான். ரொம்ப இறுக்கமா செம்பைப் புடிச்சிருக்கு, ஸ்ட்ரிப்பர்ல இழுத்தா ரெண்டு மூணு இழையும் சேந்து அறுந்து வருது, இழை அறுந்தா அந்த எடத்துல ஒயர் மெலிஞ்சிடும், டெர்மினல்ல போய் சூடாகறது அங்கதான். உறை மேல எத்தனையாவது மீட்டர்னு காட்டுற நம்பர் அச்சும் பைப்புக்குள்ள இழுத்ததுமே அழிஞ்சிருச்சு. உறை எஃப்ஆர்தான், தீ பரவாம தடுக்கும், ஆனா எரிஞ்சா புகையும் ஆசிட் வாயுவும் வரத்தான் செய்யும், அது வேண்டாம்னா ஹாலோஜன் இல்லாத ஒயரா கேளுங்க.

ஹீட்டர், ஏசிக்கும் இதையே போடலாமான்னு கேக்குறவங்களுக்கு: வேண்டாம். 20 மீட்டர் தூரத்துக்கு 16 ஆம்பியர் இழுத்தா போக வர 40 மீட்டர், 8.5 வோல்ட் ஒயர்லயே போயிரும், 136 வாட் சும்மா செவுத்துக்குள்ள சூடாகிட்டு இருக்கும். 2.5 ஸ்கொயர் போட்டா அந்த 8.5 வோல்ட் 5 வோல்ட் பக்கமா கொறஞ்சிரும், 4 ஸ்கொயர் போட்டா இன்னும் நிம்மதி. லைட் ஃபேனுக்கு 1.5 தாராளம்.

மிச்ச துண்ட துணி காயப்போட கட்டாதீங்க, செம்பு கனம் தாங்காம நீண்டுகிட்டே போவும், அதுக்குன்னு ஜிஐ கம்பி இருக்கு. பழைய ஃப்யூஸ் கட்டைல இந்த இழைய முறுக்கிப் போடுறதும் சில பேருக்கு பழக்கம், ஒத்த இழை உருகவே 10 ஆம்பியர் பக்கம் வேணும், மூணு இழைய முறுக்கி 5 ஆம்பியர் ஃப்யூஸ்னு போட்டா ஃப்யூஸ் அப்படியே இருக்கும், ஒயர்தான் வெந்து போவும்.

5க்கு 4 குடுக்குறேன். எர்த்துக்கு பச்சை காயிலும் இதே கம்பெனிலதான் எடுக்கப்போறேன், ஸ்ட்ரிப்பர் மட்டும் நல்லதா ஒன்னு வாங்கணும்.