சிங்க டாலரா, சில்வர் ரைடரா?

ரெண்டுமே டச்சு வெள்ளிக்காசுதான், ஆனா குணம் வேற வேற. சிங்க டாலர் 1575ல ஸ்பெயின் ராஜாவ எதிர்த்து சண்டை நடந்துட்டிருந்தப்ப ஹாலந்துல அடிக்க ஆரம்பிச்சது, கிட்டத்தட்ட 27.7 கிராம், அதுல முக்கால்வாசிதான் வெள்ளி. சில்வர் ரைடர் 1659ல வந்தது, 32 கிராமுக்கு மேல, வெள்ளி 94 சதவீதம், வாள் ஓங்குன குதிரை வீரன் படம், 63 ஸ்டைவர் (டச்சு சில்லறைக்காசு) மதிப்பு.

சுத்தம்னு பாத்தா ரைடர்தான். டச்சு கிழக்கிந்திய கம்பெனி கப்பல்ல ஆசியாவுக்கு வந்ததும் இது, 1728ல கம்பெனி முத்திரையோட தனியாவே அடிச்சாங்க.

ஆனா என் ஓட்டு சிங்கத்துக்கு! வெள்ளி கம்மின்னாலும் துருக்கி சாம்ராஜ்யம் முழுக்க ஓடுச்சு, வியாபாரிங்களுக்கும் லாபம், கம்மி வெள்ளிய குடுத்து சரக்க அள்ளிட்டு வரலாம்ல. அரபுக்காரங்க அந்த சிங்கத்த பாத்துட்டு 'அபு கல்ப்'னாங்க, அதாவது நாயோட அப்பன், அச்சு அவ்ளோ மொக்கையா இருந்துச்சு போல 😄 ருமேனியாவோட லெயு, பல்கேரியாவுல யூரோவுக்கு முன்னாடி இருந்த லெவ், இந்த ரெண்டு நாணயத்தோட பேரும் இந்த சிங்கத்துலேர்ந்து வந்ததுதான். ரைடருக்கு அந்த மாதிரி வாரிசு ஏது?