வாடகைக் காருக்கு எந்தக் காப்புறுதி: கொழும்பிலிருந்து போகிறவர் போடவேண்டிய கணக்கு

கொழும்பில் கார் வைத்திருப்பவர்களுக்கு வாகனக் காப்புறுதி என்றால் ‘ஃபுல் இன்ஷூரன்ஸ்’, ‘தேர்ட் பார்ட்டி’ என்ற இரண்டு சொற்களே பழக்கம். காலி வீதியில் யாராவது பின்னால் வந்து இடித்துவிட்டால் காப்புறுதி நிறுவனத்துக்கு அழைப்பு எடுக்கிறோம். சற்று நேரத்தில் மதிப்பீட்டாளர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார். மிகுதியை நிறுவனமும் கராஜும் பேசிக்கொள்கின்றன. இந்தப் பழக்கத்தோடு வெளிநாட்டு விமான நிலையமொன்றில் வாடகைக் கார் எடுக்கப் போகிறவர், கருமபீடத்தில் இருப்பவர் ‘முழுக் காப்புறுதி வேண்டுமா?’ என்று கேட்கும்போது, தமக்குத் தெரிந்த ஃபுல் இன்ஷூரன்ஸையே அவரும் சொல்கிறார் என்று எண்ணிவிடுகிறார். அவர் விற்பது வேறு பொருள்.

ஐரோப்பாவில் கார் வாடகைக்குள் மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படியே அடங்கியிருக்கும். அதோடு பெரும்பாலும் ‘சி.டி.டபிள்யூ.’ என்ற ஏற்பாடும் சேர்ந்தே வரும். உள்ளபடி இது காப்புறுதி அல்ல. கார் சேதமானால் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் உங்களிடம் கேட்கமாட்டோம் என்று வாடகை நிறுவனம் எழுதித் தரும் விட்டுக்கொடுப்பு மட்டுமே. அந்தத் தொகைக்குள் அடங்கும் சேதம் முழுவதும் நம் தலையில்தான் விழும். அதைத்தான் ‘எக்ஸஸ்’ என்கிறார்கள். சிறிய காருக்கே அது ஆயிரம் யூரோவைத் தாண்டுவது வழமை. பெரிய காருக்கும் அவுஸ்திரேலியா போன்ற நாடுகளிலும் அது பல மடங்கு உயரக்கூடும். டயர், சில்லு விளிம்பு, முன்கண்ணாடி, காரின் அடிப்பாகம், கூரை, சாவி ஆகியவற்றைப் பல ஒப்பந்தங்கள் இந்த விட்டுக்கொடுப்புக்கு வெளியிலேயே வைத்திருக்கின்றன.

ஆகவே நாம் ஒப்பிடுவது எக்ஸஸை யார் ஏற்பது என்பதை மட்டுமே. அதற்கு ஐந்து வழிகள் உண்டு: கருமபீடத்திலேயே கூடுதல் பணம் கட்டி எக்ஸஸை இல்லாமற் செய்வது, பயணத்துக்கு முன்பே வெளிநிறுவனமொன்றிடம் தனியாக எக்ஸஸ் காப்புறுதி வாங்குவது, காரைப் பதிவு செய்யும் இணையத்தளம் தானே விற்கும் ‘முழுப் பாதுகாப்பை’ எடுப்பது, கடனட்டையோடு வரும் சலுகையை நம்புவது, இங்கே எடுக்கும் பயணக் காப்புறுதியே போதும் என்றிருப்பது.

கடைசி வழியை முதலில் ஒதுக்கிவிடலாம். ஷெங்கன் விசாவுக்காக நாம் எடுக்கும் பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கவேண்டும் என்பது விதி. அந்தத் தொகையைப் பார்த்துக் கார் விபத்தையும் அது ஏற்கும் என்று நம்பியவர்களைக் கண்டிருக்கிறேன். காரில் அடிபட்ட நம் உடலுக்கான சிகிச்சையை அது ஏற்கலாம், காரை ஏற்காது. அதிலுள்ள தனிநபர்ப் பொறுப்புப் பிரிவும் பொதுவாக மோட்டார் வாகனத்தால் வரும் பொறுப்பை விலக்கியே எழுதப்பட்டிருக்கும்.

கடனட்டைச் சலுகையை அப்படி ஒதுக்கிவிட முடியாது. இருந்தாலும் கொழும்பு வங்கிகள் தரும் அட்டைகளில் ‘பயணக் காப்புறுதி உண்டு’ என்று அச்சிட்டிருப்பதில் வாடகைக் காரும் அடங்குமா என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டுப் பெறாமல் நம்பக்கூடாது. அப்படி அடங்கும் அட்டையாக இருந்தாலும் வாடகை முழுவதையும் அதே அட்டையால் கட்டியிருக்கவேண்டும், கருமபீடத்தின் விட்டுக்கொடுப்பை மறுத்திருக்கவேண்டும் என்பன வழமையான நிபந்தனைகள். விட்டுக்கொடுப்பை வாடகையோடு பிரிக்கமுடியாதபடி சேர்த்து விற்கும் நாட்டில் இரண்டாம் நிபந்தனை எப்படி நிறைவேறும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவைக்கவேண்டும்.

மிஞ்சுவது கருமபீடமும் வெளிக்காப்புறுதியும். பதிவுத் தளத்தின் ‘முழுப் பாதுகாப்பு’ பெயரளவில் மூன்றாவது. இயல்பில் அதுவும் வெளிக்காப்புறுதியே. தளத்தில் வாங்கினோம் என்பதால் வாடகை நிறுவனம் அதை ஏற்றுக்கொள்ளும் என்று எண்ணுவது தவறு. சேதம் நேர்ந்தால் நிறுவனம் நம் அட்டையிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ளும். அதை நாம் பிறகு தளத்தின் காப்புறுதியாளரிடம் கேட்டுப் பெறவேண்டும்.

விலையைப் பார்த்தால் வெளிக்காப்புறுதி எளிதாக வெல்லும். எடுத்துக்காட்டாக, பத்து நாள் வாடகைக்குக் கருமபீடம் நாளொன்றுக்கு 28 யூரோவும் வெளிநிறுவனம் 8 யூரோவும் கேட்பதாக வைத்துக்கொள்வோம். யூரோவைக் கணக்குக்காக 350 ரூபா என்று எடுத்தால் முதலாவது 98,000 ரூபா, இரண்டாவது 28,000 ரூபா. எழுபதாயிரம் ரூபா மிச்சம் என்பது நம்மில் பலருக்கு ஒரு மாத வீட்டுச் சாமான் செலவு. கருமபீடத்தின் மலிவான திட்டங்கள் விலக்கிவைக்கும் டயரையும் கண்ணாடியையும் அடிப்பாகத்தையும் வெளிக்காப்புறுதிகள் பல ஏற்கின்றன என்பது இன்னொரு நன்மை.

ஆனாலும் கொழும்பில் வசிப்பவருக்கு விலை மூன்றாவது கேள்விதான். முதற் கேள்வி வதிவிடம். என் அக்காவும் அத்தானும் லண்டனில், ஹரோவில் இருக்கிறார்கள். ஆண்டுக்கொருமுறை எக்ஸஸ் காப்புறுதி ஒன்றை எடுத்து, அந்த ஆண்டு போகும் எல்லா விடுமுறைகளுக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். நாங்கள் இத்தாலிக்குப் புறப்பட்டபோது அத்தான் அதே நிறுவனத்தின் இணைப்பை அனுப்பி, ‘கருமபீடத்தில் ஒரு சதமும் கட்டாதீர்கள்’ என்றார். அக்கறையோடு சொன்ன நல்ல அறிவுரை, எங்களுக்குத்தான் பொருந்தவில்லை. அந்தப் பத்திரம் பிரித்தானியாவில் வசிப்பவருக்கு மட்டும் என்று அதன் முதற் பக்கத்திலேயே இருந்தது. இப்படி வதிவிடத்தைக் கட்டுப்படுத்தி விற்கப்படும் பத்திரங்கள் பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் மிகுதி. உறவினர் வீட்டு முகவரியைப் போட்டு வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கூடாது. பணம் கட்டும்போது எவரும் தடுக்கமாட்டார்கள். இழப்பீடு கேட்கும்போது சாரதி அனுமதிப்பத்திரத்தின் பிரதியை அனுப்பவேண்டும், அதில் இலங்கை முகவரி இருக்கும், அத்தோடு கோரிக்கை முடிந்துவிடும். பல நாட்டவர்க்கும் விற்கும் நிறுவனங்கள் உண்டு. அங்கே வதிவிட நாடு கேட்கும் கட்டத்தில் இலங்கையைத் தெரிவுசெய்த பின்னரே விலையைப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது கேள்வி கடனட்டையின் எல்லை. கருமபீடத்தின் கூடுதல் காப்பை எடுத்தால் அட்டையில் சிறிய தொகை ஒன்றைத்தான் பிடித்துவைப்பார்கள். வெளிக்காப்புறுதியோடு போனால் எக்ஸஸ் முழுவதையும் பிடித்துவைப்பார்கள். 1,800 யூரோ என்றால் 630,000 ரூபா. ஐந்து இலட்சம் எல்லையுள்ள அட்டையோடு போனவருக்குக் கார் கிடைக்காது, அல்லது அங்கேயே நின்று கருமபீடக் காப்பை வாங்கவேண்டிவரும். அப்போது ஏற்கெனவே வெளியில் கட்டிய பணமும் வீண். டெபிட் அட்டையைப் பல நிறுவனங்கள் இதற்கு ஏற்பதில்லை. அட்டை பிரதான சாரதியின் பெயரில் இருக்கவேண்டும் என்பதும் பொது விதி; மனைவியின் அட்டையில்தான் எல்லை கூட என்றால் ஒப்பந்தத்தில் மனைவியையே பிரதான சாரதியாகப் போடவேண்டும், வெளிக்காப்புறுதியும் அவர் பெயரிலேயே இருக்கவேண்டும். என் கணிப்பில், எக்ஸஸ் தொகையைப் போல் இரு மடங்கு எல்லை அட்டையில் வெறுமையாக இருந்தால்தான் வெளிக்காப்புறுதி நிம்மதியான தெரிவு. ஒரு மடங்கு பிடித்துவைக்கப்பட்டிருக்கும்போதும் ஹோட்டலுக்கும் பெற்றோலுக்கும் பணம் வேண்டும்.

இத்தாலியில் எங்களுக்கு நடந்ததையும் சொல்லவேண்டும். இலங்கையரை ஏற்கும் ஒரு வெளிநிறுவனத்தின் பத்திரத்தோடு பீசா விமான நிலையத்தில் காரை எடுத்தோம். ‘உங்கள் பத்திரம் இங்கே செல்லாது’ என்று கருமபீடத்தில் இருந்தவர் இரண்டு தடவை சொன்னார். அவர்களிடம் அது செல்லாது என்பது உண்மைதான். செல்லவேண்டிய இடம் வேறு. ஐந்தாம் நாள் லூக்காவில், மதிலோரத் தரிப்பிடமொன்றில், வலப்பக்க முன்சில்லு நடைபாதை விளிம்போடு உரசிவிட்டது. இடப்பக்கம் ஓட்டிப் பழகி, காரின் வலப்பக்கத்தில் உட்கார்ந்து பழகிய நமக்கு, வலப்பக்கம் ஓடும் நாட்டில் காரின் வலது ஓரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது கைக்கு வர நாளாகும். டயரையும் சில்லையும் ஏற்காத காப்புறுதிப் பத்திரத்தை நம்மவர்கள் எடுக்கவே கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சில்லுக்கு 410 யூரோவும் கையாளும் கட்டணமாக 60 யூரோவும் அட்டையிலிருந்து எடுத்தார்கள். கொழும்புக்குத் திரும்பி வாடகை ஒப்பந்தம், சேத அறிக்கை, விலைப்பட்டியல், அட்டைக் கூற்று, படங்கள், சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாவற்றையும் அனுப்பினோம். இடையில் ஒருமுறை, சேத அறிக்கையில் வாடகை நிறுவனத்தின் கையொப்பம் இல்லை என்று திருப்பியனுப்பினார்கள். அதைப் பெற நாங்கள் அனுப்பிய நான்கு மின்னஞ்சல்களில் மூன்றுக்குப் பதிலே இல்லை. ஏழு வாரங்களில் இரண்டு தொகையும் வந்து சேர்ந்தன. அட்டை எடுத்த நாளின் நாணய மாற்று வீதத்துக்கும் பணம் வந்த நாளின் வீதத்துக்கும் இடையிலான வேறுபாடும் வங்கியின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் எங்கள் நட்டம். அதைக் கழித்த பின்பும், கருமபீடக் காப்பை எடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடக் குறைவாகவே முடிந்தது. ஆயினும் அந்த ஏழு வாரங்களுக்கும் அட்டைக் கட்டணத்தை நாங்களே கட்டிச் சுமந்தோம். அதைச் சுமக்க முடியாதவருக்குக் கருமபீடம் கேட்கும் கூடுதல் பணம் நியாயமான விலையே. அதை ஏமாற்று என்று தள்ளிவிட நான் ஒப்பமாட்டேன்.

நாட்டுக்கு நாடு விடை மாறும். ஜப்பானில் நான் வெளிக்காப்புறுதி தேடவே மாட்டேன். அங்கே எக்ஸஸும் சிறியது, அதை நீக்கும் நாளாந்தக் கட்டணமும் சிறியது. அதற்கு மேல், கார் ஓடாமல் நிற்கும் நாட்களுக்கென்று ஒரு கட்டணம் உண்டு. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் அது நெடுங்காலமாக, சேதமான காரை ஓட்டியே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க முடிந்தால் 20,000 யென், முடியாவிட்டால் 50,000 யென் என்ற அளவில் இருந்துவந்தது. அதையும் சேர்த்து நீக்கும் திட்டத்தை அங்கேயே எடுத்துக்கொள்வது நல்லது. ஆனால் சிறு உரசலுக்கும் பொலிஸை அழைத்துப் பதிவு செய்யாவிட்டால் அங்கே எந்தக் காப்பும் கிடைக்காது. சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரமும் 1949 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்பட்டதாகவே இருக்கவேண்டும். இலங்கை அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. பத்திரத்தைக் கொள்ளுப்பிட்டியிலுள்ள ஒட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோனில் பெறலாம். செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டியவருக்கு, எந்த நாட்டிலும், எவ்வளவு பணம் கட்டிய காப்புறுதியும் உதவாது.

அமெரிக்காவில் சிக்கல் வேறு. அங்கே அடிப்படை வாடகையில் விட்டுக்கொடுப்பே சேராமல் இருக்கலாம். எக்ஸஸை மட்டும் ஏற்கும் வெளிக்காப்புறுதி அப்போது ஒன்றுக்கும் ஆகாது. அதைவிடப் பெரியது மூன்றாம் தரப்புப் பொறுப்பு. கலிபோர்னியா 2025 ஜனவரியில் சட்டபூர்வக் குறைந்தபட்சத்தை உயர்த்திய பின்பும், ஒருவர் காயமடைந்தால் 30,000 டொலர், ஒரு விபத்துக்கு 60,000 டொலர், சொத்துச் சேதத்துக்கு 15,000 டொலர் என்ற அளவிலேயே அது நிற்கிறது. அங்குள்ள வைத்தியசாலைக் கட்டணங்களோடு பார்த்தால் இது மிகச் சிறிய தொகை. காரின் உரிமையாளர் என்பதற்காக மட்டும் வாடகை நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று 2005 ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமொன்றும் சொல்கிறது. எனவே அமெரிக்கா போகிறவர் எக்ஸஸைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், விட்டுக்கொடுப்பும் உயர்ந்த பொறுப்புக் காப்பும் உள்ளடங்கிய, வெளிநாட்டு வதிவாளருக்கான வாடகை விலையைத் தேடிப் பதிவு செய்யவேண்டும்.

அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வெளிக்காப்புறுதிக்கு நல்ல இடமுண்டு. எக்ஸஸ் பெரியது, வாகனம் இடப்பக்கம் ஓடுகிறது, ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நியூசிலாந்தில் விபத்துக் காயங்களுக்கான சிகிச்சைக்கு, ஏ.சி.சி. என்ற அரச திட்டம் வெளிநாட்டுப் பயணியருக்கும் உதவுகிறது என்பதால் நம் கவலை காரோடு நிற்கிறது. ஆனால் தார் போடாத வீதி, அவுஸ்திரேலியாவின் உட்பகுதிகளில் இரவு ஓட்டம் ஆகியவற்றை ஒப்பந்தம் தடுத்திருந்தால், அதை மீறியதால் வந்த சேதத்தைக் கருமபீடமும் ஏற்காது, வெளிநிறுவனமும் ஏற்காது. வாடகை ஒப்பந்தத்தை மீறாதிருப்பது வெளிக்காப்புறுதிக்கும் அடிப்படை நிபந்தனை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெற்றோல் காருக்கு டீசல் அடித்தால் யார் ஏற்பது என்பதைப் பத்திரத்துக்குப் பத்திரம் பார்க்கவேண்டும். இத்தாலிய நகரங்களில் வெளியார் வாகனங்களுக்குத் தடைசெய்யப்பட்ட வலயத்துக்குள் நுழைந்ததற்கான அபராதத்தை எவரும் ஏற்கமாட்டார்கள்.

வெளிக்காப்புறுதியைத் தெரிவுசெய்தவர், காரை எடுப்பதற்கு முன்பே அதை வாங்கியிருக்கவேண்டும். இழப்பீட்டை இலங்கை வங்கிக் கணக்குக்கு அனுப்புவார்களா என்பதையும், கோரிக்கை அனுப்பக் கடைசி நாள் எது என்பதையும் வாங்குமுன் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்திருக்கவேண்டும். காரை எடுக்கும்போது சில்லு நான்கையும் கூரையையும் கண்ணாடியையும் எரிபொருள் முள்ளையும் காணொளியாக எடுப்பதைப் போலவே, திருப்பிக் கொடுக்கும்போதும் எடுக்கவேண்டும். அதிகாலை விமானத்துக்காகச் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், காலையில் பணியாளர் வந்து பார்க்கும்வரை அந்தக் கார் ஒப்பந்தப்படி நம் பொறுப்பிலேயே நிற்கக்கூடும். முடிந்தால் அலுவலக நேரத்தில் திருப்பிக் கொடுத்து, சேதம் இல்லை என்ற கையொப்பத்தை வாங்கிக்கொண்டே விமானம் ஏறவேண்டும்.