இயற்கை வளப் பயிற்சிப் பெட்டி: மண்டபம் கரையில் ஒரு பருவம் பயன்படுத்திய பிறகு

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் இயற்கை வளங்களைப் பற்றிக் குழுவாகக் கலந்து பேசித் தீர்வு காணப் பழகுவதற்கென்று தயாரிக்கப்பட்ட பயிற்சிப் பெட்டி ஒன்றை, ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊருக்கு அருகிலுள்ள எங்கள் நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்புக்கு வாங்கி, ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்தினேன். மீன், நீர், காடு, மண் என்று அதில் நான்கு பகுதிகள் உள்ளன. மீன் பகுதிக்காக மட்டுமே இதை வாங்கலாம். நீர்ப் பகுதி நம் கரைக்குப் பொருந்தவில்லை.

மீன் பகுதியின் விதி மிக எளிது. தட்டில் 40 புளியங்கொட்டைகள் இருக்கும். அவைதாம் கடலின் மீன்கள். ஐந்து குழுக்களும் சுற்றுக்கு ஒரு முறை விரும்பிய அளவு எடுத்துக்கொள்ளலாம். மிஞ்சியவை அடுத்த சுற்றுக்குள் இரட்டிப்பாகும், ஆனால் 40-ஐத் தாண்டாது. முதல் ஆட்டத்தில் பேசிக்கொள்ள அனுமதியில்லை. பிள்ளைகள் முதல் சுற்றிலேயே 33 கொட்டைகளை அள்ளினார்கள். மிஞ்சிய 7 பெருகி 14 ஆனது. இரண்டாம் சுற்றோடு தட்டு காலியாயிற்று. அடுத்த ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் இரண்டு நிமிடம் பேசலாம் என்றதும், வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆளுக்கு நாலு எடுத்தா இருபது மிச்சம், அது மறுபடி நாப்பதாயிரும்" என்றாள். அந்தக் கணக்கை நான் கரும்பலகையில் எழுதிச் சொல்லியிருந்தால் அது வெறும் கணக்காகவே நின்றிருக்கும்.

ஆனால் பெட்டியோடு வந்த கையேடு எல்லாப் படகுகளையும் ஒன்றாகவே கருதுகிறது. நாட்டுப்படகு வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஒருவன் உடனே எழுந்து, "விசைப்படகுக்கும் எங்களுக்கும் ஒரே நாலா, டீச்சர்? அவங்க ஒரு தடவ வலை இழுத்தா, எங்கப்பா ஒரு வாரம் பிடிக்கிறது அதுல வந்துரும்" என்று கேட்டான். அதே குழுவில் விசைப்படகு வீட்டுப் பையனும் இருந்தான். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தங்கள் படகு கரையில் கட்டிக் கிடப்பதை அவன் எடுத்துச் சொல்ல, இரு குழுக்களை விசைப்படகாக வைத்து, அவர்களுக்கு ஒரு சுற்றுவிட்டு ஒரு சுற்று ஓய்வு என்று வகுப்பே விதியை மாற்றிக்கொண்டது. ஒரு பாடவேளை முழுவதும் இதற்கே போயிற்று. எனக்கு அதில் சிறிதும் வருத்தமில்லை. கடற்பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று தமக்குள் வகுத்துக்கொண்ட கட்டுப்பாட்டையும், அவர்களில் ஒருவரான பாம்பன் தீவின் சின்னப்பாலம் ஊரைச் சேர்ந்த லட்சுமிக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்போருக்கு வழங்கப்படும் சீகாலஜி விருது 2015-இல் கிடைத்ததையும் அப்போது சொன்னேன். கையேட்டில் பாசியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நீர் அட்டைகளில் ஆறு, அணை, கால்வாய், ஆழ்துளைக் கிணறு ஆகியவையே இருக்கின்றன. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பெயர்பெற்ற ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாய் இருக்கும் மாவட்டத்தில், கண்மாய்க்கு ஓர் அட்டை இல்லை, ஊற்றுக்கும் இல்லை. ஆகவே அட்டைகளை மூடி வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் சென்று மணலில் இரண்டு குழிகள் தோண்டச் செய்தேன். ஆழம் குறைந்த குழியில் மெல்ல ஊறிய தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடித்தார்கள்; ஆழமாகத் தோண்டிய குழியில் உப்புக் கரித்தது. மழைநீர் மணலில் இறங்கி, கனம் கூடிய உவர்நீரின் மேல் மிதந்து நிற்பதையும், மோட்டார் வைத்து ஒரேயடியாக இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும் என்பதையும் அதற்குப் பிறகு விளக்குவது எளிதாயிற்று.

அட்டைகள் உப்புக் காற்றில் ஒரே பருவத்தில் ஊதிப் பிரிந்துவிட்டன. ஒவ்வொரு பயிற்சிக்கும் 40 நிமிடம் போதும் என்று கையேடு சொல்வதை நம்ப வேண்டாம். இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். இதைவிடப் பெரிய குறை மதிப்பீட்டுத் தாள். சேர்ந்து முடிவெடுக்கக் கற்றுத்தந்துவிட்டு, கடைசியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொல்கிறது. நான் அதைப் பயன்படுத்தவில்லை.

காடு, மண் பகுதிகள் பரவாயில்லை. ஊற்று, கண்மாய், பாசி ஆகியவற்றுக்கு எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதி வரைந்த அட்டைகளைத் தயாரிப்பாளர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகப் பதில் எழுதியிருக்கிறார்கள்.