குகையா, கண்ணாடிக் கதவா?

2009 இல் புதிதாகத் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ விண்வெளிப் படவரிசையில் எந்த இடம் அதிகம் ஏமாற்றியது? ஹட்டன் கடையில் பிளேன்டீ ஆறிப்போகும்வரை நாங்கள் சண்டை பிடிக்கும் விடயம் இது.

ஒரு கட்சி, முதல் படத்தின் குகைக் காட்சியைச் சொல்கிறது. பனிக்கோளில் இறக்கிவிடப்பட்ட கதாநாயகன் கிர்க், மிருகம் துரத்த ஓடி நுழைந்த அதே குகையில், அவருடைய சக அதிகாரி ஸ்பொக்கின் முதிய உரு, எதிர்காலத்திலிருந்து வந்து தீப்பந்தத்தோடு நிற்கிறார். ஹோர்டன் சமவெளி மூடுபனியில் வழிதவறியவன் நேரே சொந்த மாமாவின் மீது மோதிக்கொண்டது போன்ற தற்செயல்! ஆனாலும் பழைய படங்களிலும் ஸ்பொக்காக நடித்த லெனார்ட் நிமோயின் குரல் கேட்டதும் எனக்குப் பாதிக் கோபம் போய்விடுகிறது.

மறு கட்சிக்கு 2013 படம்தான் குறி. பழைய வரிசையின் 1982 படத்தில் கதிர்வீச்சு அறைக்குள் ஸ்பொக் இறந்தார்; கண்ணாடிக்கு வெளியே கிர்க். இங்கே ஆளை மட்டும் இடம் மாற்றி, கண்ணாடியில் கைவைப்பதுவரை அப்படியே எடுத்திருக்கிறார்கள். அந்தச் சாவாவது நிலைத்ததா? செத்துக் கிடந்த டிரிபிள் என்ற உரோமப் பந்து போன்ற சிறு பிராணி ஒன்று வில்லன் கானின் இரத்தத்தால் மூச்சுவிட, கிர்க்கும் சற்று நேரத்தில் எழுந்துவிடுகிறார். குகையை மன்னித்துவிடலாம், இதை என்னால் முடியாது. பழைய ஸ்பொக் திரும்பி வருவதற்கு ரசிகர்கள் 1984 வரை காத்திருந்தார்கள்.