காணி உரிமைப் பரப்புரையை யார் வழிநடத்துவது: சட்டத்தரணியா, சங்கத்து ஆளா?

திருகோணமலை மாவட்டத்தில் சம்பூர், மூதூர்ப் பக்கம் காணிப் பிரச்சினைக்குக் குழு அமைக்கும்போது, சட்டத்தரணி முன்னிற்பதா, ஊர்ச் சங்கத்தைச் சேர்ந்தவர் முன்னிற்பதா என்ற இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

காலக்கெடு
சட்டத்தரணி: அடிப்படை உரிமை மனுவை, உரிமை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போடவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணைக் காலம் கணக்கில் சேராது என்பதும் தெரியும்.
சங்கத்து ஆள்: கூட்டம் கூடி முடிவெடுப்பதற்குள் மாதம் போய்விடும். பல வழக்குகள் விழுவது இங்கேதான்.

ஆவணம்
சங்கத்து ஆள்: 2006 போர்க்கால இடப்பெயர்வில் காணி உறுதி, காணி அனுமதிப்பத்திரம் தொலைந்த வீடுகளை அறிவார். பழைய கிணறு, எல்லைப் பனை, அயலவர் சாட்சி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தருவார். அந்த வீடுகளின் அம்மாமார் புதியவரிடம் எளிதில் வாய் திறக்கமாட்டார்கள்.
சட்டத்தரணி: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி பிரதேச செயலகத்திடம் காணி விவரங்களைக் கேட்பார். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காவிட்டால் மேல்முறையீடு சிக்கலாகும்.

செலவு
சட்டத்தரணிக்குக் கொழும்புப் பயணமும் சேரும். சங்கத்து ஆளுக்குப் பஸ் காசையாவது ஒழுங்காகக் கொடுங்கள்; இதைப் பலர் மறக்கிறார்கள், அது பெரிய அநியாயம்.

மொழி
சிங்களக் கடிதத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர் இரு பக்கத்துக்கும் தேவை.

வெளியேற்ற அறிவித்தல் கையில் இருந்தால் சட்டத்தரணி முன்னே நிற்கட்டும். ஆவணமே இல்லாத நிலையில் சங்கத்து ஆள் வழிநடத்தட்டும், சட்டத்தரணி மாதம் இருமுறை கோப்பைப் பார்க்கட்டும்.